தடுப்பூசி: எதைத் தடுக்கிறது, எதைத் தணிக்கிறது

"ஊசி போட்டும் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஊசி?" கொரோனா காலத்தில் இந்தக் கேள்வி காதில் விழாத வீடு இருந்திருக்காது. அதற்கான பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம்: "போட்டதால்தான் லேசாக வந்து போனது." கேட்டவருக்கு அது சமாளிப்பாகத் தெரிந்தது. சொன்னவருக்கோ, இவ்வளவு எளிய விஷயம் ஏன் புரியவில்லை என்ற எரிச்சல். இருவரும் பேசியது ஒரே ஊசியைப் பற்றித்தான். கேள்விதான் வேறு வேறு. ஒருவர் தொற்றைப் பற்றிக் கேட்டார், இன்னொருவர் உயிர் பிழைப்பதைப் பற்றிப் பதில் சொன்னார்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்குப் பெயரே பாதிக் காரணம். தடுப்பூசி என்றால் தடுக்கிற ஊசி. எதைத் தடுக்கும், எவ்வளவு தடுக்கும் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. கேட்பவர் மனத்தில் முழுசாக ஒரு கதவை மூடிவிடுகிறது. பழைய ஆட்கள் ‘அம்மை குத்துவது’ என்றார்கள். அது செய்கிற வேலையை மட்டும் சொன்னது, வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. ‘வாக்சின்’ என்ற சொல்லும் பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அதிலும் தடுப்பு கிடையாது.

கிருமிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. கிருமி உடலுக்குள் புகுந்து பெருகத் தொடங்குவது தொற்று. அது காய்ச்சலாகவோ இருமலாகவோ வெளியே தெரிந்தால் நோய். மூச்சு வாங்கி, மருத்துவமனைக்குப் போகிற நிலை வந்தால் தீவிர நோய். கடைசியில் மரணம். இவற்றோடு பக்கவாட்டில் இன்னொரு பாதையும் உண்டு: தொற்றியவர் அடுத்தவருக்குக் கொடுப்பது. ஒரே ஊசி ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு அளவுக்கு வேலை செய்யும். ஆகவே "இந்த ஊசிக்கு எத்தனை சதவீதம் பலன்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. சொல்பவர் எந்தப் படியைச் சொல்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

120 வருடத்துச் சண்டை

இது கொரோனாவோடு பிறந்த விவாதம் என்று நினைத்தால் தவறு. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படைக்குக் குண்டைவிடப் பெரிய எதிரியாக இருந்தது டைபாய்டு. ஆல்ம்ரோத் ரைட் என்ற மருத்துவர் உருவாக்கிய டைபாய்டு ஊசியைச் சிப்பாய்களில் விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். போர் முடிந்ததும், ஊசியால் பலன் உண்டா என்று கணக்குப் பார்க்கும் வேலை புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனிடம் வந்தது. 1904ல் அவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்.

அவர் போட்ட கணக்கைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். இரண்டு கேள்விகளையும் அவர் அப்போதே பிரித்துவிட்டார். ஊசி போட்டவர்களுக்கு டைபாய்டு வருவது குறைந்ததா என்பது ஒரு பட்டியல். டைபாய்டு வந்தவர்களில், ஊசி போட்டவர்கள் சாவது குறைந்ததா என்பது இன்னொரு பட்டியல். இரண்டிலும் பலன் தெரிந்தது. ஆனால் சின்னதாக இருந்தது, இடத்துக்கு இடம் மாறவும் செய்தது. இதை வைத்துக்கொண்டு படை முழுவதற்கும் ஊசி போடச் சொல்ல முடியாது என்றார். அதோடு ஒரு சந்தேகத்தையும் கிளப்பினார்: தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்கிறவர் இயல்பிலேயே ஜாக்கிரதையான ஆளாக இருக்கலாம். தண்ணீரைப் பார்த்துக் குடிப்பவராக இருக்கலாம். அப்படியானால் அவரைக் காப்பாற்றியது ஊசியா, சுபாவமா? முன்வருகிறவர்களைப் பட்டியல் போட்டு, ஒருவர் விட்டு ஒருவருக்கு ஊசி போட்டுப் பார்க்கலாமே என்பது அவர் சொன்ன வழி. ரைட்டுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருவரும் அந்த இதழிலேயே மாறிமாறிச் சண்டை போட்டார்கள்.

இத்தனைக்கும் டைபாய்டு ஊசி பலனுள்ளதுதான். பியர்சன் கேட்டதும் நியாயமான கேள்விதான். நல்ல மருந்துக்கு மோசமான சான்று இருக்க முடியும் என்பதை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும். 1915ல் கிரீன்வுட், யூல் என்ற இருவர், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். இரு கூட்டமும் எல்லா வகையிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், கிருமியைச் சந்திக்கும் வாய்ப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய ஆய்வுகளும் அந்த அஸ்திவாரத்தில்தான் நிற்கின்றன.

95 என்ற எண்

2020 டிசம்பரில் ஃபைசர்-பயோஎன்டெக் ஊசியின் ஆய்வு முடிவு வெளியானது. சுமார் 43 ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, நோய் வந்ததா என்று கவனித்தவருக்கும் தெரியாது. இரண்டாவது டோஸ் போட்டு ஏழு நாள் கழிந்த பிறகு 170 பேருக்கு நோய் வந்தது. அதில் 162 பேர் உப்புநீர்க் கூட்டம், 8 பேர் ஊசிக் கூட்டம். 162 வர வேண்டிய இடத்தில் 8தான் வந்தது என்றால் 95 சதவீதம் குறைந்திருக்கிறது. இவ்வளவுதான் அந்த எண்.

இதைப் பலர் "100 பேர் போட்டால் 5 பேருக்கு வரும்" என்று புரிந்துகொண்டார்கள். அப்படி இல்லை. ஏறக்குறைய 21 ஆயிரத்துச் சொச்சம் பேரில் 8 பேருக்குத்தான் வந்தது. எதிர்த் தரப்பு இதே கணக்கைத் திருப்பிப் போட்டது: உப்புநீர்க் கூட்டத்திலும் முக்கால் சதவீதம் பேருக்குத்தானே வந்தது, ஆகவே உண்மையான பலன் 0.7 சதவீதம் மட்டுமே என்றது. கழித்தல் கணக்கு சரி. ஆனால் அந்த 0.7 என்பது சுமார் இரண்டு மாதக் கண்காணிப்பில், அந்த இடங்களில், அப்போது இருந்த பரவலுக்கு மட்டும் பொருந்தும் எண். இன்னும் நாலு மாதம் பார்த்திருந்தால் அதுவும் ஏறியிருக்கும். ஒரு மழைக்காலத்தில் இரண்டே தூறலைப் பார்த்துவிட்டுக் குடையின் மதிப்பைக் கணக்கிடுவது போன்ற வேலை.

எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த 170 பேர் எப்படி எண்ணப்பட்டார்கள் என்பதுதான். அறிகுறி தெரிந்து, பரிசோதனையிலும் உறுதியானவர்கள் மட்டுமே கணக்கில் வந்தார்கள். எல்லோருடைய மூக்கிலும் வாராவாரம் குச்சி விட்டுப் பார்க்கவில்லை. (ஆக்ஸ்ஃபோர்டு-அஸ்ட்ராஜெனகா ஆய்வின் பிரிட்டன் பகுதியில் அப்படிப் பார்த்தார்கள்.) அறிகுறியே இல்லாமல் தொற்றிப் போனவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை 95 தொடவே இல்லை. அடுத்தவருக்குப் பரவுவதையும் தொடவில்லை.

தீவிர நோய்? முதல் டோஸுக்குப் பிறகு மொத்தம் 10 பேருக்குத் தீவிரமாக வந்தது. 9 பேர் உப்புநீர், ஒருவர் ஊசி. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் ரொம்பச் சின்ன எண். மாடர்னா என்ற இன்னொரு ஊசியின் ஆய்வில் உப்புநீர்க் கூட்டத்தில் 30, ஊசிக் கூட்டத்தில் 0 என்று கொஞ்சம் பலமாக இருந்தது. வேடிக்கையைப் பாருங்கள்: பிற்காலத்தில் எது கடைசிவரை நின்றதோ, அந்தத் தீவிர நோய்ப் பாதுகாப்புக்கு முதல் ஆய்வில் இருந்த சான்று மெலிசு. எது சீக்கிரம் கரைந்ததோ, அதற்குத்தான் பளிச்சென்ற 95.

2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றக் குழு முன்னால் ஃபைசர் அதிகாரி ஒருவர், சந்தைக்கு வரும் முன் பரவலைத் தடுக்கிறதா என்று சோதிக்கவில்லை என்று சொன்னார். "ஒப்புக்கொண்டுவிட்டார்கள்!" என்று காணொளி உலகம் சுற்றியது. அதில் ரகசியம் ஏதும் இல்லை. 2020 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தபோதே, பரவலைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லியிருந்தது. ஆனால் கோபப்பட்டவர்களை முழுதாகக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. 2021 ஜூலையில் அமெரிக்க அதிபர் பைடன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஊசி போட்டுக்கொண்டால் கோவிட் வராது என்றே சொன்னார். அதே ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் தலைவரும் ஊசி போட்டவர்கள் வைரஸைச் சுமப்பதில்லை என்ற பொருளில் பேசினார். சில நாளில் அந்த மையமே அதைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆவணத்தில் ஒன்று, மேடையில் ஒன்று. மக்கள் எப்போதும் மேடையைத்தான் கேட்பார்கள்.

மூக்கில் தோற்று, நுரையீரலில் ஜெயிப்பது

சரி, தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு ஏன் சீக்கிரம் இறங்குகிறது, தீவிர நோய்க்கு எதிரானது ஏன் நீடிக்கிறது? இதைப் பலர் சாக்குப்போக்காகப் பார்க்கிறார்கள். உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால், வேறு மாதிரி இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

தோளில் போட்ட ஊசி, இரத்தத்தில் ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. அவை வைரஸை ஒட்டிப் பிடித்து, செல்லுக்குள் நுழைய விடாமல் செய்யும். ஆனால் கொரோனாவோ ஃப்ளூவோ முதலில் வந்து இறங்குவது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரமான சவ்வில். மூக்கு என்பது உடலின் திண்ணை மாதிரி. வீட்டைச் சேர்ந்ததுதான், ஆனால் வெளியே இருக்கிறது. அங்கே காவலுக்கு இருப்பது ஐஜிஏ என்ற வேறு வகை ஆன்டிபாடி. தோளில் போடும் ஊசி அதை அதிகம் உருவாக்குவதில்லை. இரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி வகை நுரையீரலின் ஆழத்துக்கு நன்றாகப் போய்ச் சேர்கிறது. மூக்குக்கு ஒழுகி வருவது கொஞ்சம்தான். ஊசி போட்ட புதிதில் இரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும்போது அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருக்கும். அதனால்தான் முதல் சில மாதம் தொற்றுகூட நன்றாகக் குறைகிறது. மாதங்கள் போகப் போக அளவு இறங்கும். இறங்கத்தான் செய்யும், சந்தித்த ஒவ்வொரு கிருமிக்கும் உச்ச அளவு ஆன்டிபாடியை ஆயுள் முழுவதும் வைத்திருந்தால் இரத்தம் கூழாகிவிடும்.

ஆன்டிபாடி இறங்கினாலும் அதைத் தயாரிக்கத் தெரிந்த நினைவு செல்கள் தங்கிவிடுகின்றன. தொற்றிய செல்லையே தேடிக் கொல்லும் டி செல்களும் இருக்கின்றன. இவற்றுக்குக் கிருமி நுழைவதைத் தடுக்கத் தெரியாது. நுழைந்த பிறகு எழுந்து, பெருகி, சில நாளில் களத்துக்கு வரும். ஆகவே எல்லாம் நேரக் கணக்கில் வந்து நிற்கிறது: நினைவு செல்கள் எழுந்து வருவதற்குள் கிருமி தன் வேலையை முடித்துவிடுமா?

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி உள்ளே போய் உடம்பில் சொறி தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அது உடல் முழுதும் சுற்றி வந்த பிறகுதான் அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வருகிறது. அதற்குள் நினைவு செல்கள் வந்து கதையை முடித்துவிடும். இரண்டு டோஸ் தட்டம்மை ஊசி 97 சதவீதம் காக்கிறது, அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. வைரஸும் பெரிதாக உருமாறுவதில்லை. கொரோனாவின் ஒமிக்ரான் வகைக்கு அந்த அவகாசம் தேவையில்லை. மூன்று நாளில் மூக்கில் பெருகி, தும்மல் வழியாக அடுத்தவரிடம் போய்விடும். நினைவு செல்கள் வரும்போது மூக்கில் சண்டை முடிந்திருக்கிறது. ஆனால் நுரையீரலுக்கு இறங்கி, மூச்சைத் திணறடிக்க அதற்கு இன்னும் ஒரு வாரமாவது வேண்டும். அந்த ஒரு வாரம்தான் ஊசி வாங்கிக் கொடுக்கிற லாபம்.

உருமாற்றமும் இதே திசையில்தான் தள்ளுகிறது. வைரஸின் முள் புரதத்தில் சில இடங்கள் மாறினாலே பல ஆன்டிபாடிகள் பிடி நழுவும். டி செல்கள் அந்தப் புரதத்தின் பல துண்டுகளை அடையாளம் வைத்திருப்பதால் சில மாறினாலும் மீதி உதவும். 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தபோது நடந்தது இதுதான். பிரிட்டனில் எடுத்த கணக்கில், இரண்டு டோஸ் ஃபைசர் போட்டவர்களுக்கு அறிகுறியுள்ள ஒமிக்ரான் நோய்க்கு எதிரான பாதுகாப்பு ஆரம்பத்தில் 65.5 சதவீதம், 25 வாரம் தாண்டியதும் 8.8 சதவீதம். பூஸ்டர் அதை 67 சதவீதத்துக்கு ஏற்றியது. 10 வாரம் கழித்து 45.7. இந்த எண்களைப் பார்த்து ‘ஊசி தோற்றது’ என்பவர் பொய் சொல்லவில்லை. அறிகுறியுள்ள நோய் என்ற படியில் அது பெரும்பாலும் தோற்றுத்தான் போனது. மருத்துவமனைப் படியில் அப்படி நடக்கவில்லை.

இரண்டு படிகளும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு ஒரு சின்ன மனக்கணக்கு. ஒரு ஊசி தொற்றை 30 சதவீதம் மட்டும் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்றியவர்களில் தீவிரமாவதை 80 சதவீதம் குறைக்கிறது என்றும் வைப்போம். 100 பேருக்குப் பதில் 70 பேருக்குத் தொற்றுகிறது. அந்த 70ல் ஐந்தில் ஒரு பங்குதான் பழைய ஆபத்து, அதாவது 14. ஆக மொத்தம் தீவிர நோய் 86 சதவீதம் குறைந்துவிட்டது. தொற்றுக்கு ‘ஓட்டை’ என்று திட்டு வாங்குகிற ஊசியே சாவுக்கு நல்ல அரணாக இருக்க முடியும் என்பதில் முரண் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு குணம்

கொரோனாவை வைத்தே எல்லா ஊசியையும் எடை போடுவது தப்பு. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான ஊசி தொற்றையே அடியோடு தடுக்கிறது. அந்த வைரஸ் மெதுவாக நுழைகிறது, ஊசி கொடுக்கும் ஆன்டிபாடி அளவு மிக அதிகம், கருப்பை வாய்க்கு அது நன்றாகப் போய்ச் சேர்கிறது. சுவீடனில் 17 வயதுக்கு முன்பே போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்ததாக 2020ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. டெட்டனஸ் ஊசி கிருமியைக் கண்டுகொள்வதே இல்லை. அது விடும் விஷத்தை மட்டும் முறிக்கிறது. பிசிஜி குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை நன்றாகக் குறைக்கும். பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அதன் பலன் ஆய்வுக்கு ஆய்வு 0 முதல் 80 சதவீதம் வரை தாவுகிறது. ஃப்ளூ ஊசி வருடத்துக்கு வருடம் சூதாட்டம் மாதிரி: அமெரிக்கக் கணக்குப்படி 2010-11ல் 60 சதவீதம், 2014-15ல் 19.

கக்குவான் இருமல் கதை இன்னும் சிக்கல். இப்போது பல நாடுகளில் போடும் புதிய வகை ஊசியைக் குரங்கினங்களில் ஒன்றான பபூன்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு நோய் வரவில்லை. ஆனால் கிருமி தொண்டையில் வாரக்கணக்கில் வாழ்ந்தது, கூண்டில் இருந்த மற்ற பபூன்களுக்கும் தொற்றியது. நோய்க்குப் பூட்டு, கிருமிக்குத் திறந்த கதவு. மனிதரில் இது எவ்வளவு தூரம் அப்படியே நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஊசி வந்த பிறகும் கக்குவான் அவ்வப்போது தலைதூக்குவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

எண்ணுவதில் விழும் குழிகள்

ஆய்வுக்கூடத்தை விட்டு ஊருக்குள் வந்ததும் கணக்கு கலங்கிவிடும். 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பார்ன்ஸ்டபிள் கவுன்ட்டியில் கூட்டம் கூடிய விழா நாட்களுக்குப் பிறகு 469 பேருக்குக் கோவிட். அதில் 346 பேர், அதாவது 74 சதவீதம், முழுதாக ஊசி போட்டவர்கள். தலைப்புச் செய்தி தானாக எழுதிக்கொண்டது. ஆனால் அந்த மாநிலத்தில் தகுதியுள்ளவர்களில் 69 சதவீதம் பேர் ஏற்கெனவே போட்டவர்கள். எல்லோரும் ஊசி போட்ட ஊரில் நோய் வந்தால், வந்தவர் அத்தனை பேரும் ஊசி போட்டவராகத்தான் இருப்பார். மருத்துவமனைக்குப் போனவர் 5 பேர், இறந்தவர் யாரும் இல்லை என்பது உள்ளே எங்கோ கிடந்தது. அதே சமயம் அந்த நிகழ்வு ஒன்றை நேர்மையாகக் காட்டியது: அப்போது பரவிய டெல்டா வகைக்கு எதிராக ஊசி பரவலை நிறுத்தாது. ஊசி போட்டவர் மூக்கிலும் தொடக்கத்தில் வைரஸ் அளவு ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. அது அவர்களிடம் சீக்கிரம் இறங்குகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இதைவிட அழகான குழி இஸ்ரேல் கணக்கில் இருந்தது. 2021 ஆகஸ்ட் நடுவில் அங்கே தீவிர நிலையில் இருந்த 515 பேரில் 301 பேர் ஊசி போட்டவர்கள். மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் பாதுகாப்பு 67.5 சதவீதம் என்று வரும். மோசமில்லை, ஆனால் சொன்ன 90க்கு மேல் எங்கே? இப்போது வயதைப் பிரியுங்கள். 50க்குக் கீழ் இருந்தவர்களில் லட்சத்துக்கு 3.9 பேர் ஊசி போடாமல், 0.3 பேர் போட்டு. பாதுகாப்பு 91.8 சதவீதம். 50க்கு மேல் லட்சத்துக்கு 91.9, 13.6. பாதுகாப்பு 85.2. இரண்டு கூட்டத்திலும் 85க்கு மேல். சேர்த்துப் பார்த்தால் 67! கண்கட்டு வித்தை மாதிரி இருக்கிறது. காரணம் எளிது: வயதானவர்களில் 90 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தார்கள், அவர்களுக்குத்தான் ஆபத்தும் பல மடங்கு. ஊசிக் கூட்டம் வயதான கூட்டம். போடாத கூட்டம் இளசுகள். கிழவரையும் இளைஞரையும் ஒரே தராசில் நிறுத்தினால் ஊசி இளைத்துத் தெரியும்.

இங்கே பியர்சன் திரும்பி வருகிறார். முதியோருக்குப் போடும் ஃப்ளூ ஊசி குளிர்காலச் சாவைப் பாதியாகக் குறைக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்காவில் 2006ல் வந்த ஓர் ஆய்வு, ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு முன்பே பார்த்தது. ஊசி போட்டவர்கள் அப்போதும் குறைவாகத்தான் செத்தார்கள், பருவத்தில் இருந்ததைவிட அதிக வித்தியாசத்தில்! இல்லாத ஃப்ளூவிலிருந்து ஊசி யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. படுத்த படுக்கையாய் இருந்தவர்கள் ஊசி போடப் போகவில்லை, நடக்க முடிந்தவர்கள் போனார்கள், அவ்வளவுதான். கொரோனா ஊசியின் பலனைச் சொன்ன பல கவனிப்பு ஆய்வுகளிலும் (யாருக்கு ஊசி என்று ஆய்வாளர் தீர்மானிக்காமல், நடந்ததை எண்ணிப் பார்ப்பவை) இந்தச் சாய்வு கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். ஊசி ஆதரவாளர்கள் இதைப் பேச விரும்புவதில்லை, பேச வேண்டும்.

ஆனால் சாய்வு எப்போதும் ஊசிக்குச் சாதகமாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1954ல் அமெரிக்காவில் நடந்த சால்க் போலியோ ஊசி ஆய்வில் மூன்று வகைக் குழந்தைகள் இருந்தார்கள். ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு 28 பேருக்குப் போலியோ. வெறும் நீர் போட்டவர்களில் 71. பெற்றோர் சம்மதிக்காததால் எதுவும் போடாதவர்களில் 46. சம்மதிக்காதவர்களுக்கு எப்படிக் குறைந்தது? அவர்களில் ஏழைக் குடும்பங்கள் அதிகம். அந்தக் குழந்தைகள் தாயின் ஆன்டிபாடி இருக்கும் பச்சிளம் வயதிலேயே வைரஸைச் சந்தித்துத் தேறியிருந்தார்கள். சுத்தமாக வளர்ந்த வசதியான வீட்டுப் பிள்ளைகளைத்தான் போலியோ பெரிதாக அடித்தது. போட்டவரையும் மறுத்தவரையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் ஊசியின் பலன் 39 சதவீதமாகத் தெரிந்திருக்கும். சரியான ஒப்பீட்டில் 61.

காலம் போகப் போக இன்னொரு குழியும் ஆழமாகிறது. 2022க்குப் பிறகு ‘ஊசி போடாதவர்’ என்று ஒரு கூட்டத்தைச் சுட்டினால், அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே ஒருமுறை தொற்று வந்து போயிருக்கும். அவர்களும் பாதுகாப்பு உள்ளவர்கள்தான். ஆபத்தான வழியில் வாங்கிய பாதுகாப்பு. அவர்களோடு ஒப்பிட்டால் ஊசியின் எண் இறங்கித்தான் தெரியும். மருத்துவமனைக் கணக்கிலும் கலப்படம் உண்டு. கால் முறிந்து வந்தவருக்குச் சோதனையில் கோவிட் தெரிந்தால் அவரும் ‘கோவிட் நோயாளி’ என்று பதிவாகிறார். ஒமிக்ரான் பரவிய நாட்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய.

ஒருவரைக் காப்பதும் ஊரைக் காப்பதும்

இந்தப் பிரிவினை வெறும் புள்ளியியல் வாதம் இல்லை. ஊசி என்னை மட்டும் காக்கிறது என்றால் போடுவதும் போடாததும் என் பாடு. அடுத்தவருக்குப் பரவாமலும் தடுக்கிறது என்றால், கட்டாயப்படுத்த அரசுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. 2021ல் பல நாடுகள் உணவகத்துக்கும் திரையரங்குக்கும் ஊசிச் சான்றிதழ் கேட்டது இரண்டாவது நியாயத்தை நம்பித்தான். டெல்டா காலத்தில் அது ஓரளவு தாங்கியது. ஒமிக்ரானுக்குப் பிறகு, ஆறு மாதம் முன்பு போட்ட ஊசியின் சான்றிதழைக் காட்டி உள்ளே போவதற்குப் பெரிய அர்த்தம் இருக்கவில்லை. விதியை எடுக்கத் தாமதித்த அரசுகள், மீதமிருந்த நம்பிக்கையையும் செலவழித்துவிட்டன என்பது என் எண்ணம். வாயால் உறிஞ்சும், மூக்கில் விடும் வகைத் தடுப்பு மருந்துகளை 2022ல் சீனாவும் இந்தியாவும் அனுமதித்தன. திண்ணையிலேயே காவல் வைக்கும் முயற்சி. தொற்றையே நிறுத்தும் என்று அடித்துச் சொல்லுமளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை.

இந்த நியாயம் தலைகீழாகத் திரும்பிய ஒரு சம்பவம் உண்டு. போலியோவுக்கு இரண்டு மருந்து: சால்க்கின் ஊசி, சேபினின் சொட்டு. ஊசி நரம்புக்கு வைரஸ் போகாமல் தடுக்கிறது, ஆகவே வாதம் வராது; குடலில் வைரஸ் வாழ்வதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சொட்டு குடலிலேயே காவல் வைக்கிறது. இஸ்ரேல் 2005 முதல் ஊசியை மட்டும் கொடுத்துவந்தது. 2013ல் தெற்கே ராஹத் நகரின் கழிவுநீரில் காட்டுப் போலியோ வைரஸ் தென்பட்டது. பிறகு மற்ற இடங்களிலும் தென்பட்டது. ஒரு குழந்தைக்குக்கூட வாதம் இல்லை. தொற்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது, நோய் மட்டும் எங்கும் இல்லை.

அந்த ஆகஸ்டில் அரசு பெற்றோரிடம் ஒரு விசித்திரமான கோரிக்கை வைத்தது. உங்கள் குழந்தை ஏற்கெனவே ஊசி போட்டது, அதற்குப் போலியோ வாதம் வராது. ஆனாலும் அதன் குடலில் வைரஸ் தங்கி, ஊசி போடாத வேறொருவருக்குப் போகலாம், ஆகவே இரண்டு சொட்டு கொடுங்கள் என்றது. தன் பிள்ளைக்கு நேரடி லாபம் இல்லாத ஒரு மருந்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று சிலர் வழக்குப் போடும் அளவுக்குப் போனார்கள். லட்சக்கணக்கானோர் கொடுத்தார்கள். 2014ல் கழிவுநீரில் வைரஸ் மறைந்தது.